கேட்கப்பட்டவன்

மைக் மாட்டுகிறவர் என் சட்டையின் இரண்டாவது பொத்தானைக் கழற்றி ஒயரை உள்ளே விட்டு, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகி, ஏதாவது பேசுங்க சார் என்றார், என்ன பேசுவது, ஒன்று இரண்டு மூன்று என்றேன், எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்களாம், ஒருத்தன் கேட்கப்போகிறான் என்று தெரிந்ததும் மனுஷனுக்கு எண்களைத் தவிர வேறெதுவும் வாயில் வருவதில்லை, இதை எங்கேயாவது வசனமாகப் போட வேண்டும், போட்டால் டைரக்டர் கோடு போட்டு அடித்துவிடுவான், அவனுக்கு யாராவது யாரையாவது கன்னத்தில் அறைந்தால்தான் அது காட்சி. வளசரவாக்கத்தில் ஒரு வாடகை வீட்டின் ஹாலைக் கறுப்புத் துணியால் மூடி ஸ்டூடியோ ஆக்கியிருக்கிறார்கள், ஏசியை நிறுத்திவிட்டார்கள், சத்தம் வருமாம், நெற்றியில் பூசிய பவுடர் வியர்வையில் கரைந்து கண்ணுக்குள் இறங்குகிறது. எதிரே ஹெப்சிபா, நாகர்கோவில் பெண், இந்த யூடியூப் சேனலில் இவள் நடத்துகிற நிகழ்ச்சிக்குத்தான் பார்வை அதிகம், முகத்தில் அப்படி ஒரு மரியாதை, துக்க வீட்டுக்கு வந்தவள் மாதிரி. நான் தில்லைநாயகம், மாலைப் பத்திரிகையில் இருபது வருஷம் கிரைம் நிருபர், அப்புறம் சீரியல், இப்போது 'மூன்றாவது காது' என்ற வெப் சீரிஸுக்குக் கதை வசனம். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை என்று பழைய சகாக்கள் சொல்கிறார்கள், சொல்கிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் சான்ஸ் கேட்டு வந்தவர்கள். சீரிஸ் ஓடியது கதையால் இல்லை, அது எனக்கே தெரியும், ஆரம்பத்தில் கறுப்புத் திரையில் ஒரு வரி வரும், அரசால் ஆண்டுக்கணக்கில் ஒட்டுக்கேட்கப்பட்ட ஒரு பத்திரிகையாளரின் சொந்த அனுபவம் என்று, அந்த வரியால்தான் ஓடியது. இரண்டாவது சீசனுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் கம்பெனியின் வக்கீலம்மா ஒருத்தி மும்பையிலிருந்து மெதுவாகக் கேட்டாள், உங்களை ஒட்டுக்கேட்டதற்கு ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்று. ஆதாரமா, ஒட்டுக்கேட்கிறவன் ரசீது கொடுத்துவிட்டா கேட்பான்? ஆனால் அவளுக்கு யாராவது ஒருத்தர் ஆமாம் என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுவார்கள், வரி போனால் சீசன் போச்சு, நான் மறுபடியும் மாமியார் பாயசத்தில் விஷம் கலக்குகிற காட்சிக்குத் திரும்ப வேண்டியதுதான். அதனால்தான் போன வாரம் ஹெப்சிபா கூப்பிட்டு, சார், 'கேட்டவரும் கேட்கப்பட்டவரும்'னு ஒரு எபிசோட், உங்களைக் கேட்ட ஆபீசரையே கூட்டிட்டு வர்றோம் என்றபோது, பழம் நழுவிப் பாலில் விழுந்ததாக நினைத்துக்கொண்டேன்.

முதல் பாதி வெண்ணெயாகப் போனது. கிரைமுக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டாள், சமூகத்தின் இருட்டை வெளிச்சம் போட்டுக் காட்ட என்றேன், உண்மையில் நான் சினிமாப் பக்கம் எழுதக் கேட்டுப் போனவன், கிரைம் பார்த்தவனுக்கு மஞ்சள் காமாலை வந்ததால் அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள், உட்கார்ந்ததும் ஒட்டிக்கொண்டது. காலையில் எழுந்து பல் விளக்குவதற்கு முன் ஸ்டேஷன் ஸ்டேஷனாக போன் போட வேண்டும், ரவுண்ட்ஸ் என்று பெயர், சார் வணக்கம், ஏதாவது இருக்கா, இருந்தால் பிணம், இல்லையென்றால் அன்றைக்கு நமக்குச் சோறு இல்லை, பிணம் இல்லாத நாளில் எங்கள் ஆபீஸே இழவு வீடாக இருக்கும். அரசாங்கம் கண்காணிப்பது எப்போது தெரிந்தது என்று கேட்டாள், முகம் இன்னும் ஒரு சுற்று சோகமானது. ஒரு காவல் நிலையத்தில் நடந்த மரணத்தை நான் எழுதிய மாதத்திலிருந்து வீட்டு போனில் டொக் என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்ததைச் சொன்னேன், அந்த டொக்கை நான் சொல்லும் விதம் தனி, நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டி எடுப்பேன், கூட்டங்களில் ஆட்கள் சிலிர்ப்பார்கள், இவளும் சிலிர்த்தாள். அப்புறம் சமையல் கேஸ் கதை. போனில் எதையும் வெளிப்படையாகப் பேசக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன், என் மனைவி மங்கையர்க்கரசிக்கு ஒரு சங்கேத வார்த்தை கற்றுக்கொடுத்தேன், வீட்டுக்கு ஆள் வந்துவிட்டால் ஆபீசுக்கு போன் செய்து கேஸ் தீர்ந்துபோச்சு என்று சொல்ல வேண்டும், நான் வீட்டுப் பக்கம் வராமல் தப்பித்துக்கொள்வேன். எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தை, கேட்கிறவனுக்குச் சந்தேகமே வராது, அது என் புத்திசாலித்தனம், எல்லா வீட்டிலும் நடக்கிறது என் வீட்டிலும் நடக்கும் என்பது மட்டும் புத்திசாலிக்கு உறைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே கேஸ் தீர்ந்துவிட்டது, கேஸ் தீந்துபோச்சுங்க, சீக்கிரம் என்றாள், நான் உடுத்தியிருந்த சட்டை வேட்டியோடு விழுப்புரம் பஸ் ஏறி இரண்டு நாள் லாட்ஜில் கிடந்தேன். இந்த இடத்தில் ஹெப்சிபா சிரித்தாள், கேமராக்காரர் சிரித்தார், எப்போதும் இங்கேதான் சிரிப்பார்கள், அதனால் நானும் இங்கேயே நிறுத்திக்கொள்வேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அரசியின் தங்கை திலகவதியைப் பெண் பார்க்க விருத்தாசலத்திலிருந்து எங்கள் சூளைமேட்டு வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள் என்பதை எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. கேசரி பாதியில் நின்றது, பஜ்ஜி மாவு அப்படியே கிடந்தது, மூத்த மாப்பிள்ளை எங்கே என்று பையனின் தாய்மாமன் கேட்டான், சிலிண்டர் வாங்கப் போயிருக்கிறார் என்றாள் அரசி, சாயங்காலம் வரைக்கும் சிலிண்டரும் வரவில்லை மாப்பிள்ளையும் வரவில்லை, பெண் பார்க்க வந்த நாளில் மூத்த மாப்பிள்ளை தலைமறைவாகிற குடும்பம் நமக்கு எதற்கு என்று ஒரு வாய் காபி கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள். திலகவதிக்கு அதற்குப் பிறகு ஒன்றும் அமையவில்லை, திண்டுக்கல்லில் ஏதோ ஹாஸ்டல் வார்டனாக இருக்கிறாள், என்னோடு பேசுவதில்லை, பேசாவிட்டால் எனக்கென்ன, நாட்டில் ஜனநாயகம் செத்துக்கொண்டிருந்தபோது இவர்களுக்குக் கேசரி. அப்படித்தான் அப்போது அரசியிடம் சொன்னேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஜனநாயகம் என்ற வார்த்தையைச் சொல்லித்தான் அவள் வாயை அடைத்தேன்.

கேமராவில் கார்டு மாற்ற வேண்டும், பத்து நிமிஷம் பிரேக் என்றார்கள். ஹெப்சிபா போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனாள், அப்போதுதான் அடுத்த அறையிலிருந்து மாசிலாமணி வந்தார், ஓய்வு பெற்ற டிஎஸ்பி, அந்தக் காலத்தில் உளவு வேலையில் இருந்தவர், மீசைக்கு மட்டும் சாயம், தலை வெள்ளை, கையில் டீ, டீயில் பிஸ்கட். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தில்லை, நல்லா வாட்டசாட்டமா ஆயிட்டீங்க என்றார். நான் பழைய ஆள், ரகசியம் பேசுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், இடுப்புப் பெட்டியின் ஸ்விட்சை நானே அணைத்து, அவர் பெட்டியையும் அணைத்து, அதற்கும் மேல் மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன், அவர் அதைப் பார்த்துச் சிரித்தார், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

"சார், என் லைன்ல மொத்தம் எத்தனை வருஷம் இருந்தீங்க?"

பிஸ்கட் உடைந்து டீயில் விழுந்தது, அதை விரலால் எடுக்கப் பார்த்தார், வரவில்லை, விட்டுவிட்டார்.

"உங்க லைன்லயா? தில்லை, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பேரு ஒரு தடவை வந்துச்சு. எங்க பெரியவர்தான் வேணாம்னுட்டார்."

"ஏன்?"

"அந்தாளு லைனை எதுக்குய்யா தட்டணும், தினம் காலைல அவரே போன் போட்டு எல்லாத்தையும் ஒப்பிச்சிடுறாரேன்னார்."

டொக் சத்தத்தைப் பற்றிக் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. சூளைமேட்டில் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும், அந்த ஏரியா முழுக்க அப்படித்தான் என்றார், அந்தக் காலத்தில் லைன்மேனும் என்னிடம் அதையேதான் சொன்னான், அவனையும் அவர்கள் ஆள் என்று நினைத்து வீட்டு வாசலைவிட்டுத் துரத்தினேன். ரவுண்ட்ஸில் நான் என்ன ஒப்பித்தேன், ஒன்றும் ஒப்பிக்கவில்லையே, வியாபாரம் செய்தேன், இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடிக்கிற வியாபாரம், நீங்கள் ஒரு கொலை கொடுங்கள், நான் ஒரு விஷயம் தருகிறேன், எந்தப் பத்திரிகைக்காரன் எந்தக் கேஸைத் தோண்டுகிறான், எந்த வக்கீல் வீட்டில் யார் வந்து தங்கியிருக்கிறான், யூனியன்காரர்கள் எங்கே கூடுகிறார்கள், சின்னச் சின்ன விஷயம், பல் விளக்காத வாயில் வந்த விஷயம். இருபது வருஷம் சுறா பிடித்தேன் என்று நினைத்திருக்கிறேன், இவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு என்னை இறால் என்கிறார். வெட்கம் முதலில் வரவில்லை, கோபம் வந்தது, என்மேல் இல்லை, அந்தப் பெரியவர்மேல், முகம் தெரியாத அந்த மேலதிகாரிமேல், அவ்வளவு இளக்காரமா, ஒரு ஆறு மாசமாவது கேட்டிருக்கக் கூடாதா, தேநீர்க் கடைக்காரன், கிளி ஜோசியக்காரன் போனையெல்லாம் தட்டினார்கள் என்று செய்தி வருகிறது, என்னை வேண்டாம் என்றிருக்கிறார்கள். பரீட்சையில் பெயிலானவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் அரசி ஞாபகம் வந்தாள். யாருமே கேட்கவில்லை என்றால் அவள் எதற்காகப் பேசவில்லை? ஊரில் கிளிக்குப் பேசக் கற்றுக்கொடுப்பார்கள், நான் ஒருத்திக்குப் பேசாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தேன், ம், சரி, வைக்கிறேன், இந்த மூன்று வார்த்தைக்கு மேல் அவள் போனில் பேசி நான் பார்த்ததில்லை, அவள் அம்மா சிதம்பரத்திலிருந்து கூப்பிட்டால் நான் பக்கத்திலேயே நிற்பேன், சரிம்மா, வைக்கிறேன், அவ்வளவுதான், பெரியவளுக்குப் பட்டணத்துத் திமிர் என்று சொல்லிச் சொல்லியே அந்தக் கிழவி செத்தாள். சாவு வீட்டில் அரசி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்போது அதற்கு என்னிடம் பதில் இருந்தது, லைன்ல ஆள் இருக்கான் அரசி என்ற பதில். இப்போது லைனில் ஆள் இல்லை என்கிறார் மாசிலாமணி. அப்படியானால் இத்தனை வருஷம் அந்த வீட்டில் அவள் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒருத்தன், அவன் அரசாங்கச் சம்பளம் வாங்கியவன் இல்லை. இல்லை, இப்படி யோசிக்கக் கூடாது, இது பிரேக், பத்து நிமிஷம், ஹெப்சிபா திரும்ப வந்துவிடுவாள், வந்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்பாள், இவர் இந்த மீசையை வைத்துக்கொண்டு இல்லைம்மா, இவரை யாரும் சீண்டவே இல்லை என்று ஊருக்கே சொல்வார், சீசன் போகும், அது போனால் போகட்டும், வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அரசி பார்ப்பாள், என் பேட்டி எதையும் அவள் விட்டதில்லை, டிவியில் போட்டுவிட்டு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே பார்ப்பாள், கையில் கத்தியோடு அதை அவள் கேட்கக் கூடாது. கேட்டார்கள் என்று யாராவது சொல்லியாக வேண்டும். போலீஸ் என்னைக் கேட்டிருந்தாக வேண்டும் எனக்கு.

கெஞ்சினேன், வேறு வார்த்தை போட்டு அழகுபடுத்த முடியாது. சார், கேமரா முன்னாடி மட்டும் கேட்டோம்னு சொல்லிருங்க, பழைய விஷயம், பேர் ஊர் வேண்டாம், பெரியவர் பெயரும் வேண்டாம், செத்துப்போயிருப்பார், ஆமா, இவரு லைன்ல இருந்தோம், அது போதும் என்றேன். மாசிலாமணி என்னைப் பார்த்த விதம் எனக்குத் தெரிந்த விதம்தான், ஸ்டேஷன் வாசலில் நான் பார்த்திருக்கிறேன், புருஷனை விட்டுவிடச் சொல்லிக் கும்பிடுகிற பொம்பளைகளை ரைட்டர் அப்படித்தான் பார்ப்பார், கோபமும் இருக்காது இரக்கமும் இருக்காது, சாப்பாட்டு நேரமாகிறதே என்று மட்டும் இருக்கும். ஒட்டுக்கேட்கலைன்னு சொல்லச் சொல்றவங்களைத்தான், தில்லை, எங்களுக்குப் பழக்கம், கேட்டேன்னு சொல்லச் சொல்ற மொத ஆளு நீங்கதான் என்றார். அப்புறம் பேத்தியைப் பற்றி ஆரம்பித்தார், நன்றாக நடிக்கிறாளாம், போனில் வீடியோ போடுகிறாளாம், அடுத்த சீசனில் ஒரு தங்கை வேஷமாவது பாருங்கள் என்றார், பார்க்கிறேன் சார், தங்கை என்ன, ஹீரோயின் சிநேகிதியே போட்டுவிடலாம் என்றேன், அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்கக் கூடாது. வெறுமனே கேட்டோம்னா நம்ப மாட்டாங்களே, ஏதாவது விவரம் வேணுமே என்று தாடையைச் சொறிந்தார். அந்த அவசரத்தில், ஹெப்சிபாவின் செருப்புச் சத்தம் படியில் கேட்கிற அவசரத்தில், நீங்களே ஏதாவது சேத்துக்கங்க சார், உங்களுக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டேன். சரி, இரண்டு பெட்டியின் ஸ்விட்சையும் நானே போட்டேன்.

விளக்கைப் போட்டார்கள், பவுடரை ஒற்றிவிட்டார்கள், ஹெப்சிபா அவரை அறிமுகம் செய்துவிட்டு நேரே கேட்டாள், சார், தில்லைநாயகம் சாரை நீங்க ஒட்டுக்கேட்டது உண்மையா என்று. மாசிலாமணி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார், நல்ல நடிகர், பேத்திக்கு ரத்தத்திலேயே இருக்கும், அப்புறம் நிமிர்ந்து, ஆமாம்மா, இப்ப மறைச்சு என்ன ஆகப்போகுது என்றார். எனக்குள் இறங்கிய நிம்மதியை என்னவென்று சொல்ல, கண்ணுக்குள் வக்கீலம்மா வந்தாள், கறுப்புத் திரையில் அந்த வரி வந்தது, வெண்டைக்காய் நறுக்குகிற அரசி வந்தாள், பார்த்தாயா என்று மனசுக்குள் அவளிடம் சொன்னேன், பார்த்தாயா, லைனில் ஆள் இருந்தான். மாசிலாமணி நிறுத்தியிருக்கலாம்.

"சாரு பேச்சுல ஒண்ணும் கிடைக்காதும்மா, ரொம்ப உஷாரு. இவரு ஆபீஸ் கிளம்பினப்புறம் வீட்டு லைன்தான். பகல்ல இவரு வீட்டம்மா பேசுவாங்க. என்னா சிரிப்பு சிரிப்பாங்க தெரியுமா, எங்க பசங்க டூட்டி மாத்திக்கிட்டு வந்து கேப்பாங்க. சிரிப்பு வர்றதுக்கு முன்னாடி ஒரு விக்கல் வரும் அவங்களுக்கு. போதும் நிறுத்துங்கன்னு ஆர்டர் வந்தப்ப, இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும் சார்னு நான்தான் கேட்டேன்."

ஹெப்சிபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அரசி சிரிப்பதா, என் அரசியா, இது நான் சேர்த்துக்கொள்ளச் சொன்ன பொய், நல்ல பொய், சபாஷ் என்று நினைத்து நானும் சிரிக்க ஆரம்பித்தேன், பாதிச் சிரிப்பில் அந்த விக்கல் ஞாபகத்துக்கு வந்து சிரிப்பு நின்றது. கல்யாணமான புதிதில் கடலூர்க் கடற்கரையில் என் செருப்பை அலை இழுத்துக்கொண்டு போனபோது அவளுக்கு ஒரு விக்கல் வந்தது, அப்புறம் சிரிப்பு, அவளால் நிறுத்த முடியவில்லை, ஊர் பார்க்குது, வாயை மூடு என்றேன், அதற்குப் பிறகு அதை நான் கேட்டதில்லை, கேட்கவில்லை என்பதே இப்போதுதான் தெரிகிறது. இவருக்கு எப்படித் தெரியும்? எல்லாப் பொம்பளைகளுக்கும் விக்கல் வரும், போலீஸ்காரன் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பான். இல்லாவிட்டால் நிஜமாகவே வீட்டு லைனில் இருந்திருக்கிறார்கள், பிரேக்கில் என்னிடம் சொன்னதுதான் பொய், அந்த மீசைக்குக் கீழே எது நிஜம் என்று பார்க்கிறேன், ஒன்றும் தெரியவில்லை, ஆயிரம் குற்றவாளி முகத்தைப் பார்த்து எழுதியவன், இந்த ஒரு முகத்தைப் படிக்கத் தெரியவில்லை. கேட்காமலே புத்தி தலைப்புப் போடுகிறது, நிருபர் மனைவியின் கள்ளக்காதல், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் போனில் சிரித்துப் பேசியது அம்பலம், இருபது வருஷம் எழுதிய கை, நிற்காது. ஒருவேளை திலகவதியாக இருக்கலாம், அவள் அம்மாவாகக்கூட இருக்கலாம், நான் படி இறங்கியதும் எல்லாரையும் கூப்பிட்டு, அந்தக் கிழவியும் சின்னவளும் இவளும் சேர்ந்து என்னைப் பற்றிச் சிரித்திருக்கலாம், கள்ளக்காதலன் என்றால்கூட ஆளைக் கண்டுபிடித்துவிடலாம், இதற்கு என்ன செய்வது, யாரோடு சிரித்தாள் என்பதைவிட எதற்குச் சிரித்தாள் என்பதுதான் பயமாக இருக்கிறது. செல்போன் வாங்கிக்கொடுத்த நாளிலிருந்து அவள் குளிக்கப் போகும்போது எடுத்துப் பார்ப்பேன், பாதுகாப்புக்காக, என் நம்பர் இருக்கும், பால்காரன் நம்பர் இருக்கும், வேறொன்றும் இருக்காது, பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஒரு மனுஷியின் போன் அப்படிக் காலியாக இருக்க முடியாது என்று இந்தக் கிரைம் நிருபருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய் அவளிடம் கேட்கவும் முடியாது, கேட்டால் ம் என்பாள், இன்னொரு தடவை கேட்டால் சரி என்பாள்.

ஹெப்சிபா விடவில்லை, நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள், அவளுக்கு இது கிளிப், இந்த அரை நிமிஷத்தைத் தனியாக வெட்டிப் போட்டால் பத்து லட்சம் பேர் பார்ப்பார்கள்.

"மேடம் யார்கிட்ட சார் அப்படிச் சிரிச்சுப் பேசுவாங்க?"

கேள்வி மாசிலாமணிக்கு. அவர் என் முழங்கால்மேல் கையை வைத்து இரண்டு தடவை தட்டினார், ரொம்ப மரியாதையாக.

"அதை நான் சொல்றது முறையில்லம்மா. சாருக்கே தெரியும், கேளுங்க."

மூன்று கேமராவும் என் பக்கம் திரும்பின, சிவப்பு விளக்குகள் எரிந்தன, சட்டைக்குள் மைக் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது, நெஞ்சு அடிப்பதுகூட அதில் விழும். ஒன்று இரண்டு மூன்று என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. சிரித்தேன்.

"என்கிட்டதாம்மா," என்றேன். "வேற யார்கிட்ட?"